முழுவீச்சு ஒலிபெருக்கிகளைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் இசை கேட்பதற்கென அமைக்கும் கருவிகளுள் மிகுதியான ஆற்றலை வீணாக்குவது ஒலிபெருக்கியே ஆகும். ஆம்பிளிபயர் எனப்படும் மின்பெருக்கியிலிருந்து அதற்குச் செல்லும் மின்னாற்றலில் பெரும்பகுதி உள்ளிருக்கும் கம்பிச்சுருளைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடுகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் சாதாரண ஒலிபெருக்கி ஒன்றுக்கு 50 வாட் அளித்தால், அதில் ஒலியாக வெளிப்படுவது ஏறத்தாழ எட்டில் ஒரு வாட் மட்டுமே.

எனினும், ஒலிபெருக்கி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை வாட்?" என்பதே. ஒலிபெருக்கியின்மீது குறிக்கப்பட்ட வாட், அது பழுதுபடாமல் தாங்கக்கூடிய மின்னாற்றலைக் காட்டுமேயன்றி, அது தரும் ஒலியின் அளவைக் காட்டாது. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் சில கருவிகளின்மீது அச்சிடப்படும் ஆயிரக்கணக்கான வாட்டுகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறை எதுவும் இல்லை. ஆகவே, அவ்வெண்ணை நம்பிப் பணம் செலவிடுதல் கூடாது. கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒலிபெருக்கியின் உணர்திறன் யாது என்பதாகும்.

டெசிபல் கணக்கு

ஒலிபெருக்கிக்கு 1 வாட் ஆற்றலை அளித்து, அதற்கு நேர்முன்னே 1 மீட்டர் தொலைவில் அளக்கப்படும் ஒலி அழுத்த மட்டமே உணர்திறன் எனப்படும். இது டெசிபல் என்ற அலகில் கூறப்படுகிறது. மின்னாற்றல் முழுவதும் ஒலியாக மாறி, பெரிய சுவரொன்றில் பதித்த ஒலிபெருக்கியினின்று முன்புறமாக மட்டும் பரவுமாயின், அந்த மட்டம் ஏறத்தாழ 112 டெசிபல் ஆகும். 92 டெசிபல் உணர்திறனுடைய ஒலிபெருக்கியின் பயனுறுதிறன் நூற்றுக்கு 1 மட்டுமே. 86 டெசிபலாயின் நூற்றுக்குக் கால் பங்கு. 96 டெசிபலாயின் நூற்றுக்கு இரண்டரை.

இங்கு நினைவிற் கொள்ளவேண்டிய விதி எளியது. ஒலிமட்டம் 3 டெசிபல் உயர, ஆற்றல் இரு மடங்காக வேண்டும். 10 டெசிபல் உயர, பத்து மடங்காக வேண்டும். ஆனால் செவிக்கோ 10 டெசிபல் உயர்வு ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகவே தோன்றும்.

இவ்விதியை ஒரு வீட்டு அறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். நான்கு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் உள்ள அறையில், இரு ஒலிபெருக்கிகளிலிருந்தும் 3 மீட்டர் தொலைவில் ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். திறந்த வெளியாயின் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குச் செல்லும்போது ஒலிமட்டம் 9½ டெசிபல் குறையும். சுவர்களின் எதிரொலிப்பு அதில் மூன்று அல்லது நான்கு டெசிபலை ஈடு செய்யும்; இரண்டு ஒலிபெருக்கிகள் சேர்ந்து ஒலிப்பதால் மேலும் 3 டெசிபல் கிடைக்கும். எனவே நிகர இழப்பு 3 டெசிபல் எனக் கொள்ளலாம். இசையின் சராசரி மட்டம் 80 டெசிபல் அளவில் இருக்கும்போது, மிருதங்கத்தின் ஓங்கிய அடி போன்ற கண நேர உச்சங்கள் 98 டெசிபல் வரை எழக்கூடும். அவ்வுச்சத்தைத் திரிபின்றித் தருவதற்கு 86 டெசிபல் ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் 32 வாட் வேண்டும். 92 டெசிபலாயின் 8 வாட் போதும். 96 டெசிபலாயின் சற்றேறக்குறைய 3 வாட்டே போதும்.

மின்வசதி குறைந்த ஊர்களில் பணிபுரியும் களப்பணியாளர்களுக்கு இக்கணக்கு மிகவும் பயன்படுவதாகும். 12 வோல்ட் மின்கலத்தில் நேரடியாக இயங்கும் மின்பெருக்கி, மின்னழுத்தத்தை உயர்த்தும் துணைச் சுற்று இல்லாத நிலையில், 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 9 வாட்டுக்குமேல் கொள்கையளவிற்கூடத் தர இயலாது. நடைமுறையில் கிடைப்பது இன்னும் குறைவு. அத்தகைய மின்பெருக்கியுடன் 86 டெசிபல் ஒலிபெருக்கியை இணைத்தால் உரத்த இடங்களில் இசை கரகரக்கும். 96 டெசிபல் ஒலிபெருக்கியை இணைத்தாலோ அதே மின்பெருக்கி தேவைக்கு மேலாகவே ஆற்றல் உடையதாகிவிடும். மின்பெருக்கியின் ஆற்றலைப் பத்து மடங்காக்கிப் பெறும் பயனை, ஒலிபெருக்கியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதனாலேயே பெற்றுவிடலாம்.

உணர்திறன் குறைந்த வரலாறு

இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இரு பொறியாளர்கள் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காந்தப் புலத்தில் அமைந்த கம்பிச்சுருள் ஒன்று காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைக்க, அக்கூம்பு காற்றை நேரடியாக அதிரச் செய்கிறது. வால்வுகள் வழங்கிவந்த நாட்களில் வீட்டு மின்பெருக்கிகள் பெரும்பாலும் சில வாட்டுகளே தந்தன. ஆதலால் இலேசான கூம்பும், வலிய காந்தமும், பெரிய பெட்டியும் கொண்ட ஒலிபெருக்கிகள் இன்றியமையாதனவாயின.

1954-இல் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப்புகாத சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே சுருள்வில் போலப் பயன்படுத்தி, ஆழ்ந்த கீழ்த்தொனியைப் பெறும் முறையை அறிமுகப்படுத்தினார். அடக்கமான பெட்டியில் ஆழ்ந்த ஒலி கிடைத்தது. ஆனால் உணர்திறன் குறைந்தது. பின்னர் டிரான்சிஸ்டர் மின்பெருக்கிகள் மலிந்து, ஆற்றல் எளிதிற் கிடைத்தமையால் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி. 1970-களில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய ஒலிபெருக்கி தெளிவான குரலொலிக்குப் புகழ் பெற்றது. அதன் உணர்திறன் 82.5 டெசிபலே. 95 டெசிபல் ஒலிபெருக்கி தரும் உரப்பை அது தருவதற்கு ஏறத்தாழ 18 மடங்கு ஆற்றல் வேண்டும்.

இவற்றினின்று பெறப்படும் பொது விதியை ஜோசப் ஆன்டன் ஹாப்மன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் 'இரும்பு விதி' என வழங்குவர். சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்த்தொனி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் ஒருங்கே பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். மூன்றும் உண்டு எனக் கூறும் விளம்பரம் எதுவாயினும் ஐயத்திற்குரியது.

முழுவீச்சு ஒலிபெருக்கியின் பயன்

பெரும்பாலான வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு வூபர் என்றும், உயர்ந்த அதிர்வெண்களுக்கு ட்வீட்டர் என்றும் தனித்தனிக் கூம்புகள் இருக்கும். அவற்றுக்கிடையே அதிர்வெண்களைப் பிரித்தனுப்பும் மின்சுற்று ஒன்று அமையும். இப்பிரிவு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் நிகழ்கிறது. செவியின் கூர்மை மிகுந்திருக்கும் பகுதிக்கு அருகிலேயே ஒரு கூம்பு ஓய்ந்து மற்றொன்று தொடங்குகிறது.

முழுவீச்சு ஒலிபெருக்கியில் ஒரே கம்பிச்சுருள் ஏறத்தாழ எல்லா அதிர்வெண்களையும் ஏற்கிறது. பிரிப்புச் சுற்று இல்லாமையால் அதில் ஆற்றல் இழப்பும் இல்லை. ஒலி முழுவதும் ஒரே இடத்திலிருந்து எழுகிறது. 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் புளும்லைன் காப்புரிமை கோரிய ஸ்டீரியோ முறை, இரு ஒலிபெருக்கிகளின் ஒலிகள் செவியில் இணைந்து, இடையில் பாடகர் நிற்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்குவதை அடிப்படையாகக் கொண்டது. இரு புறமும் ஒத்த முழுவீச்சு ஒலிபெருக்கிகள் அமைந்தால் இத்தோற்றம் உறுதியாகக் கிடைக்கிறது.

நம் நாட்டு இசைக்கு இவ்வகை ஒலிபெருக்கி பெரிதும் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அவருடைய தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தி 65 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்டிரின் தம்பூராவில் இத்தந்தி 104 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். மேலைநாட்டுப் பெரிய ஆர்கன் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த குழலொலியான 16 ஹெர்ட்ஸ் இங்கே தேவைப்படுவதில்லை. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் மேலொலிகள் சாதாரணத் தோற்கருவிகளில் உள்ளவைபோலன்றி, அடிப்படையொலியின் முழு மடங்குகளாக அமைவதைச் சர் சி. வி. இராமனும் குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினர். கரணை எனப்படும் கரிய பூச்சே இதற்குக் காரணமாகும். 1934-இல் இராமன் இதனை மேலும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இசைத்தன்மை வாய்ந்த இம்மேலொலிகள் முழுவீச்சுக் கூம்பு நன்கு கையாளும் நடுப்பகுதியிலேயே அடங்குகின்றன. திரைப்படங்களின் இடியோசையையும், மின்னணுத் தாளக் கருவிகளின் மிகத் தாழ்ந்த அதிர்வுகளையும் விரும்புவோருக்கு இவ்வகை ஒலிபெருக்கி மட்டும் போதாது.

அதன் குறைகள்

முதற் குறை கூம்பின் அசைவைப் பற்றியது. ஒரே உரப்பில் அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசையவேண்டும். 100 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைவு போதுமாயின், 50 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டரும், 25 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டரும் வேண்டும். உணர்திறன் மிக்க முழுவீச்சு ஒலிபெருக்கிகளின் சுருள் திரிபின்றி அசையக்கூடிய எல்லை ஒருசில மில்லிமீட்டரே. அவ்வெல்லையை மீறும்போது, அதே கூம்பு ஏந்திச் செல்லும் பாடகரின் குரலும் சேர்ந்து நடுங்கும்.

இரண்டாவது குறை ஒலி பரவும் விதத்தைப் பற்றியது. ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்தினும் சிறுகும்போது ஒலி எல்லாத் திசைகளிலும் பரவாமல் கைவிளக்கின் ஒளிபோல நேராகக் குவிகிறது. 20 சென்டிமீட்டர் ஒலிபெருக்கியில் அசையும் பகுதியின் விட்டம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். அதற்கு நிகரான அலைநீளம் 2,150 ஹெர்ட்ஸில் வருகிறது. 10 சென்டிமீட்டர் ஒலிபெருக்கியில் இது 4,300 ஹெர்ட்ஸ் வரை தள்ளிப்போகும். பெரிய கூம்பின் நடுவே சிறிய கூம்பொன்றை ஒட்டி உயர்ந்த அதிர்வெண்களை அதற்கு விடுவது இக்குறையை ஓரளவு போக்கும். ஆயினும் அச்சிறு கூம்பு சில வேளைகளில் குரலுக்குக் கூரிய கடுமையைச் சேர்த்துவிடும்.

மூன்றாவது குறை உணர்திறனை உயர்த்தும் வழியிலேயே மறைந்துள்ளது. கூம்பின் பரப்பை இரட்டித்தால் பயனுறுதிறன் நான்கு மடங்காகும். அசையும் நிறையைப் பாதியாக்கினாலும் அவ்வாறே. காந்தத்தை வலிமையாக்குவதும் இப்பயனைத் தரும். ஆனால் மிக வலிய காந்தம் கூம்பின் தாழ்ந்த அசைவை அடக்கிவிடுவதால், நடுத்தொனியும் மேல்தொனியும் உயர்ந்து, கீழ்த்தொனி மெலிந்துபோகும். மெலிந்த அப்பகுதியை மீட்டுத் தருவது பெட்டியின் வேலையாகும்.

பெட்டியைத் தீர்மானித்தல்

ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், ரிச்சர்டு ஸ்மால் 1970-களில் அதனை விரித்தெழுதியதும், ஒலிபெருக்கிக்கு ஏற்ற பெட்டியைக் கணக்கிட்டே அமைக்க வழி செய்தன. தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் மூன்று எண்களைக் கவனித்தல் போதும். எப்.எஸ். என்பது கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு எண். வி.ஏ.எஸ். என்பது கூம்பைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்ச்சிக்கு நிகரான காற்றின் கன அளவு. க்யூ.டி.எஸ். என்பது கூம்பின் அசைவு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டுவது.

க்யூ.டி.எஸ். 0.3-க்குக் குறைவாயின், ஒலியை விரிந்து செல்லும் குழாய்வழியே செலுத்தும் பெட்டி பொருந்தும். 0.3 முதல் 0.4 வரையாயின் துளையிட்ட பெட்டியும், 0.4 முதல் 0.7 வரையாயின் மூடிய பெட்டியும், அதற்கு மேலாயின் பின்புறம் திறந்த அகன்ற பலகையும் ஏற்றவை. இவை தோராயமான எல்லைகளே எனினும், பெரும்பிழை நேராமல் காக்கும்.

ஒலிபெருக்கியைக் கையிற் கிடைத்த சிறு பெட்டியில் அடைப்பது பலரும் செய்யும் தவறாகும். எப்.எஸ். 45 ஹெர்ட்ஸும் வி.ஏ.எஸ். 60 லிட்டரும் உள்ள ஒலிபெருக்கியை 20 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்தினால் ஒத்ததிர்வு எண் இரு மடங்காகி 90 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தம்பூராவின் 65 ஹெர்ட்ஸ் அதன்பின் மெலிந்தே ஒலிக்கும்.

குழாய்ப் பெட்டி அதிக உணர்திறன் தருவது. ஆனால் பேரிடம் வேண்டுவது. 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதை நன்கு செலுத்தவேண்டுமாயின் குழாயின் வாய் 2 மீட்டருக்கு மேற்பட்ட விட்டம் உடையதாதல் வேண்டும். 1930-களில் இங்கிலாந்தில் பால் வாய்ட் என்பார் அறையின் மூலைச் சுவர்களையே குழாயின் தொடர்ச்சியாகக் கொள்ளும் வீட்டு ஒலிபெருக்கியை அமைத்து இத்தடையை ஓரளவு வென்றார். அவருடைய வழியில் லோதர் ஒலிபெருக்கிகள் பின்னர் தயாராயின.

பெட்டி எதுவாயினும் தரமான ஒட்டுப்பலகையினால் செய்தல் நன்று. ஈரம் மிகுந்த இடங்களில் மரத்தூள் பலகை ஊதிக் கெடும். கூம்பின் விளிம்பு துணியாலோ மடித்த காகிதத்தாலோ ஆனது நெடுநாள் நிலைக்கும். பஞ்சுபோன்ற நுரைப்பொருளால் ஆன விளிம்பு நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிரக்கூடும்.

அறையில் வைக்கும் இடம்

விவரத் தாளில் காணும் உணர்திறன் பெரும்பாலும் அகன்ற பலகையில் பொருத்தி அளக்கப்பட்டதாகும். அதே ஒலிபெருக்கியை 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டியில் வைத்து அறையின் நடுவே நிறுத்தினால், ஏறத்தாழ 380 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்புறமும் பரவத் தொடங்குகிறது. இதனால் கீழ்த்தொனியில் 6 டெசிபல் வரை இழப்பு நேரலாம். பெட்டியைப் பின்சுவரை ஒட்டியோ மூலையிலோ வைப்பதால் இவ்விழப்பில் ஒரு பகுதி ஈடாகும். மூலையில் கீழ்த்தொனி மிகுந்து குமுறினால், சிறிது சிறிதாக முன்னே நகர்த்திச் சரியான இடத்தைக் காணவேண்டும்.

இரு ஒலிபெருக்கிகளும் கேட்போரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைதல் பொதுவாக நலம் பயக்கும். முழுவீச்சுக் கூம்பின் மேல்தொனி நேராகக் குவிவதால், பெட்டிகளைக் கேட்போரை நோக்கிச் சற்றே திருப்பி வைக்கவேண்டும். கூம்பின் நடுவும் செவியும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

உணர்திறன் எந்த அளவில் கூறப்பட்டுள்ளது என்பதை முதலிற் பார்க்கவேண்டும். 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 1 வாட்; 4 ஓம் ஒலிபெருக்கிக்கோ 2 வாட். ஆகவே, 2.83 வோல்ட் அளவில் கூறப்பட்ட 4 ஓம் ஒலிபெருக்கியின் எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்தே ஒப்பிடுதல் வேண்டும். சிலர் மேல்தொனியில் எழும் உச்ச மட்டத்தையே உணர்திறனாகக் காட்டுவதும் உண்டு. அதிர்வெண்ணுக்கேற்ற மட்டத்தைக் காட்டும் வரைபடத்தில் 300 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை நோக்கினால் உண்மை நிலை புலப்படும்.

கேட்டுப் பார்க்கும்போது, நன்கு பழகிய ஒருவரின் பேச்சையோ வானொலிச் செய்தி வாசிப்பையோ முதலில் ஒலிக்கச் செய்யலாம். குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோலக் கனத்தாலோ, 'ச', 'ஸ' ஒலிகள் குத்தினாலோ அக்குறை எல்லா இசையிலும் தொடரும். பின்னர், தம்பூராவுடன் பாடும் குரலும் மிருதங்கமும் சேர்ந்த பதிவை, வீட்டில் கேட்கும் உரப்பிலேயே கேட்கவேண்டும். தொப்பியின் அடி விழும்போது குரல் கலங்காமல் நிற்குமாயின் கூம்பின் அசைவு எல்லைக்குள் உள்ளது எனலாம். அடுத்து, இருக்கையினின்று ஒரு மீட்டர் பக்கமாக நகர்ந்து, மேல்தொனி எவ்வளவு மங்குகிறது என்பதைக் கவனிக்கலாம். குடும்பத்தார் பலர் ஒன்றாக அமர்ந்து கேட்கும் வீட்டுக்கு, உணர்திறன் சற்றுக் குறைந்தாலும் சிறிய கூம்பே ஏற்றதாகலாம்.

இரு ஒலிபெருக்கிகளின் முனைகளும் ஒரே முறையில் இணைக்கப்படவேண்டும். இதனை ஆசிரியர்கள் வகுப்பறையிலும் எளிதாகச் செய்து காட்டலாம். மின்பெருக்கியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியின் சிவப்பு முனையை 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையிலும், மற்றதை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால், கூம்பு முன்னோக்கி அசையும். முனைகளை மாற்றித் தொட்டால் பின்னோக்கிச் செல்லும். ஒரு புறம் முறையாகவும் மறுபுறம் மாறியும் இணைத்துவிட்டால் ஒரு கூம்பு முன்தள்ளும் காற்றை மற்றது பின்னிழுப்பதால் கீழ்த்தொனி தேய்ந்து, நடுவே தோன்றவேண்டிய பாடகரும் மறைந்துவிடுவார். விலையுயர்ந்த கருவிகளையும் பயனற்றதாக்கும் இப்பிழையைத் திருத்தச் செலவு எதுவும் இல்லை.

முடிவாக, தேர்வின் வரிசை இவ்வாறு அமைதல் வேண்டும். முதலில் அறையின் அளவையும், விரும்பிக் கேட்கும் இசை எவ்வளவு ஆழ்ந்த தொனி வரை செல்கிறது என்பதையும் நோக்கவேண்டும். அடுத்து, வீட்டில் பெட்டிக்கு ஒதுக்கக்கூடிய இடத்தை அளந்து, அதற்கு இசைந்த ஒலிபெருக்கிகளுள் உணர்திறன் மிக்கதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மின்பெருக்கியை இறுதியிலேயே வாங்கவேண்டும். பெரிய பெட்டிக்கு இடமுள்ளோர் 20 சென்டிமீட்டர் முழுவீச்சு ஒலிபெருக்கியுடன் சில வாட்டுகளே தரும் மின்பெருக்கியைக் கொண்டு நிறைவு பெறலாம். இடமில்லாதோர் சிறிய ஒலிபெருக்கியையும் அதற்கேற்ற ஆற்றலுடைய மின்பெருக்கியையும் கொள்வதே முறை. இவ்வரிசையில் கணக்கிட்டு வாங்குவோரின் பணம் சுருளைச் சூடாக்குவதிற் கழியாமல் இசையாகத் திரும்பக் கிடைக்கும்.